கிண்ணம் கழற்றிய மணி

என் மகன் ஒரு மணி நேரம் அழுதிருக்கிறான். அந்த ஒரு மணி நேரமும் அவனுடைய தாய் பத்தடி தள்ளி, அடுப்படியில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு அன்னமேரி தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு மதியச் சோற்றுக்கு எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தவள் சத்தம் கேட்டு உள்ளே ஓடியிருக்கிறாள். தொட்டில் சேலைக்குள் கட்டெறும்பு. பிள்ளையின் தொடையில் ஏழெட்டு இடம் தடித்துச் சிவந்திருந்தது. தொண்டை கட்டிப்போய், அவள் தூக்கும்போது வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்ததாம்.

இரண்டு மணிச் சங்கு ஊதி, தேயிலை பாக்டரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்தபோது பேச்சி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் இருந்தாள். அன்னமேரி என்னிடம் நடந்ததைச் சொல்லச் சொல்ல, பேச்சி அவள் உதட்டையும் என் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. எந்தச் சொல்லில் பேசுகிறார்கள் என்பது தெரியவில்லை.

முத்துப்பேச்சிக்குக் காது கேட்காது. கல்யாணமான இரண்டாம் வருஷம் விஷக்காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் படுத்திருந்தாள். எழுந்தபோது காது போயிருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பிள்ளை. முன்பும் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவளுக்குக் காது போனபின் பேசாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. நான்கு வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம்தான் பெரிய சத்தம்.

சாயங்காலம் அம்மா வந்தாள். அம்மா பெயர் வெள்ளத்தாய். தோட்டத்துத் தொரையின் பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் ஆயா. தொரைமார் மாறுவார்கள், தொரையின் பிள்ளைகள் மாறும், ஆயா மட்டும் அப்படியே இருந்தாள். அந்த வாரத்தோடு அவளுக்கு வேலை முடிகிறது. பிள்ளையின் தொடையை விளக்கடியில் விரித்துப் பார்த்தாள். பிறகு பேச்சியிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள்.

"பிள்ள வளக்குறது காதுலே. கண்ணு பெறகுதான். நான் எத்தன பிள்ள வளத்துருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

"வாற ஞாயித்துக்கெழம நான் போடிக்குப் போறேன். இவனையும் கொண்டு போறேன். சந்தனத்துக்கு ஏழு மாசத்துக் கைப்பிள்ள இருக்கு. ரெண்டுக்கும் பால் குடுப்பா."

சந்தனம் என் தங்கை. போடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

"எம்புட்டு நாளைக்கும்மா?"

"நடந்து வந்து ஆத்தா முந்தானையப் புடிச்சு இழுக்குற வயசு வரட்டும். அப்பக் கொண்டாந்து விடுதேன். அதுவரைக்கும் அவன் கூப்பிட்டா இவளுக்குக் கேக்கவா போவுது?"

பேச்சி உரக்கக் கேட்டாள். தன் குரல் எவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியாது. "அத்தை என்ன சொல்லுதாக?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

மறுநாள் அன்னமேரி அவளிடம் சொல்லிவிட்டாள். நான் வேலை முடிந்து வந்து காலைக் கழுவும்போதே பேச்சி வாசலில் நின்றாள். அழுத முகம் இல்லை. யோசித்து முடித்த முகம்.

"பிள்ளைய நான் குடுக்க மாட்டேன். அவன் முழிச்சா எனக்குத் தெரியணும். அம்புட்டுத்தான். நீங்க மிசின் வேலக்காரருதான, அதுக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

நான் பாக்டரியில் பிட்டருக்குக் கையாள். உருளை மிசினின் பட்டை அறுந்தால் தைப்பேன், மோட்டார் சூடானால் சொல்வேன். கரண்டைப் பற்றி அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது. பள்ளிவாசல் ஊர் பவர் ஹவுசுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் எங்கள் லயத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் தெரியும். ஆனால் லயத்துக்குக் கரண்ட் கிடையாது. எதைச் செய்தாலும் டார்ச் லைட்டில் போடும் பேட்டரிக் கட்டையை வைத்துத்தான் செய்யவேண்டும்.

முதலில் ஒரு டார்ச் பல்பை வைத்துப் பார்த்தேன். தொட்டில் ஆடினால் பல்பு எரியும், அதை அடுப்புக்கு மேலே மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். பேச்சியிடம் கையை ஆட்டி விளக்கினேன். அவள் பல்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதப் பாத்துக்கிட்டே இருக்கணுமா? அதுக்குப் பிள்ளையவே பாத்துக்கிட்டு இருந்துருவேனே."

அவள் சொன்னது சரி. எனக்கு அன்று உட்கார முடியவில்லை. லயத்தின் முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். தொட்டிலில் பிள்ளை முனகினால் நின்றேன். இல்லாத அழுகையும் காதில் விழுந்தது. பாக்டரியில் உருளைகள் அரைக்கும் சத்தத்துக்குள்ளேயும் ஒரு பிள்ளை அழுதது.

புதன்கிழமை மேஸ்திரி வீரபாண்டியிடம் கேட்டேன். பாக்டரிக்குப் பின்னால் உடைசல் போடும் கொட்டகையில் பங்களாவின் பழைய மணி ஒன்று கிடந்தது. பங்களாவுக்குப் புதிதாக வயர் இழுத்தபோது கழற்றிப் போட்டது. கட்டையில் ஓடுவது. தொரை தன் அறையில் பொத்தானை அழுத்தினால் சமையல்கட்டுச் சுவரில் இதன் சுத்தி கிண்ணத்தில் அடிக்கும்.

"எடுத்துக்கோ," என்றார் வீரபாண்டி. "உங்கம்மாவ இருவத்திரண்டு வருஷம் ஓட ஓட வெரட்டுன மணிலே அது. வீட்டுல மாட்டுனா அவ உன்ன வெரட்டப் போறா."

மணியைத் துடைத்து, நான்கு கட்டைகளை வரிசையாகக் கட்டி, கம்பியைத் தொடுத்துப் பார்த்தேன். அடித்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். பேச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மணி அடித்ததா என்று தெரிந்துகொள்ள. சத்தம் அவளுக்கு ஒன்றுக்கும் ஆகாது. ஆத்திரத்தில் திருப்புளியை எடுத்துக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்தேன். கம்பி இன்னும் தொடுத்திருந்தது. கையிலிருந்த மணியில் சுத்தி வெறுங்காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அதிர்வு என் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஏறியது.

அதை அப்படியே பேச்சியின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கையை உதறிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். மறுபடி கையை நீட்டினாள்.

தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்று கொண்டுவந்தேன். மெல்லிய பலகை, விரலால் தட்டினால் முழுப் பலகையும் அதிரும். அதன் அடியில் சுத்தி பலகையில் படும்படி மணியை வைத்து முறுக்கினேன். அடுப்புக்கு முன்னால் இரண்டு செங்கல் துண்டின்மேல் பலகையை வைத்தேன். பேச்சி சமைக்கும்போது அதன்மேல்தான் உட்காருவாள், அதன்மேல்தான் நிற்பாள். வெளியே குழாயடிக்குப் போனால் பிள்ளையை இடுப்பில் எடுத்துப் போகவேண்டும். அதற்கு அவள் சரி என்றாள்.

மணியைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். தொட்டில் ஆடுவதை மணிக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். விட்டத்திலிருந்து தொங்கும் தொட்டில் கயிற்றில், ஒரு சாண் கீழே, தோல் உரித்த செம்புக் கம்பியைச் சுற்றினேன். அந்த இடத்தில் கயிறு நடுவில் வரும்படி ஒரு பித்தளை வளையத்தை விட்டத்தோடு அசையாமல் கட்டினேன். கயிறு சும்மா இருந்தால் வளையத்தைத் தொடாது. ஆடினால் தொடும். தொட்டால் கரண்ட் ஓடும். கயிற்றுக்கும் வளையத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது? ஒரு தீக்குச்சிக் கனம் விட்டால், கதவைத் திறந்ததும் வரும் மஞ்சுக்காற்றுக்கே சுத்தி அடித்தது. மூன்று தீக்குச்சி விட்டால், பிள்ளை காலை உதைத்தும் தொடவில்லை. இரண்டு தீக்குச்சி என்று வைத்தேன்.

இன்னொரு தொல்லை எனக்கு முதலில் தோன்றவில்லை. பிள்ளை கிடக்கும் தொட்டிலைத் தாண்டிப் போகிற யாரும் அதை ஒரு தள்ளு தள்ளாமல் போவதில்லை. அன்னமேரி தீப்பெட்டி கேட்டு உள்ளே வருவாள், ஒரு தள்ளு. தீப்பெட்டியோடு திரும்புவாள், ஒரு தள்ளு. ஒவ்வொரு தள்ளுக்கும் பேச்சி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னண்ணே, தொட்டிலுக்குக் கறண்டு குடுத்துட்டீகளாமே? லயத்துக்கே வராத கறண்டு," என்று அன்னமேரி சிரித்தாள். "நாளைக்கு எங்க கோழிக்கூட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க. நரி வந்தா எம்மாமியாளப் போயித் தட்டட்டும்."

தூங்கவைக்க ஆட்டும்போதும் சுத்தி அடித்துக்கொண்டே இருக்கும், கட்டை சீக்கிரம் தீரும். அதனால் கம்பியின் ஒரு முனையைக் கொக்கியாக வளைத்து, சுவரில் ஓர் ஆணி அடித்தேன். பிள்ளை தூங்கியபின் கொக்கியை ஆணியில் மாட்டவேண்டும், மாட்டினால்தான் கரண்ட் ஓடிச் சுத்தி அடிக்கும். பேச்சி அதை ஒரே தடவையில் பழகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது பிள்ளையோடு பேச்சி குழாயடிக்குப் போயிருந்தாள். வளையத்தை இன்னொரு தடவை சோதிக்க நினைத்தேன். வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது, ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் கை வரவில்லை. பிள்ளையின் கனத்துக்கு ஏதாவது வேண்டும் என்று தேடினேன். அம்மிக் குழவி சரியாக இருந்தது. அதைத் துணியில் சுற்றித் தொட்டிலில் கிடத்தி, மெதுவாக ஆட்டி, அடுப்படிப் பலகையில் சுத்தி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெறும் தொட்டிலை ஆட்டாமல் சமாளித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே வந்து தொட்டிலை எட்டிப்பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். சேலையைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினாள்.

"பிள்ள எங்கலே?"

"பேச்சிகூடக் குழாயடில."

"வெறும் தொட்டில ஆட்டுனாக்கூட வயித்து வலியோட போவும். கல்ல வச்சா ஆட்டுவாக? பிள்ள கெடக்க எடத்துல கல்லு கெடக்கு. அதுக்குத் துணி வேற சுத்திருக்க."

குழவியை அவளே இரண்டு கையாலும் தூக்கி அம்மியில் வைத்தாள். பேச்சி வந்ததும் பிள்ளையை வாங்கி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். குனிந்தபோது பலகையைப் பார்த்தாள். அதன் ஓரத்தைத் தூக்கி அடியில் இருந்ததையும் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. சுத்தியை விரலால் சுண்டினாள்.

"பங்களா மணி," என்றாள். "ஒரு அடி அடிச்சா டீ. ரெண்டு அடிச்சா வெந்நீ. விடாம அடிச்சா பிள்ள அழுவுது." பிறகு பலகையைக் கீழே விட்டாள். "கிண்ணமே இல்ல. இது எங்க கூப்பிடப் போவுது?"

"அத்தை, எனக்குக் காலுல தட்டுது," என்று பேச்சி உரக்கச் சொன்னாள். "முழிச்சவுடனே தெரியுது. காலைல ரெண்டு தரம் ஓடியாந்து தூக்கிட்டேன்."

அம்மா கையை ஆட்டி, சரி சரி என்றாள். காய்ச்சல்காரரிடம் சொல்வது போல.

சனிக்கிழமை அம்மா என்னை வெளியே கூப்பிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசினாள். பேச்சியின் கண்ணுக்குப் படக்கூடாது என்பதற்காக. எங்கள் வீட்டில் ரகசியம் பேச முகத்தைத் திருப்பினால் போதும், ஆனால் அம்மா கவனமானவள்.

"நாளைக்குப் பத்தரை பஸ்சு. அவகிட்டச் சொல்லிட்டுப் போனா தெருவக் கூட்டுவா. பிள்ள தூங்கும்போதே தூக்கிருவோம். நீ பையப் புடிச்சுக்கிட்டு ரோடு வரைக்கும் வா. ரெண்டு நாள் அழுவா, பெறகு சரியாயிருவா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் நின்றேன்.

வளையத்தை நான்தான் கட்டினேன். அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மஞ்சு ஈரத்தில் செம்பு பச்சை பிடிக்கும். கட்டை ஒருநாள் சொல்லாமல் தீரும். இரண்டு தீக்குச்சி இடைவெளி ஒருநாள் மூன்றாகும். அன்றைக்கு மறுபடி எறும்பு வரும். அம்மா சொல்வதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் எனக்குக் கிடைக்கவில்லை. பேச்சி சொல்வதிலும் கிடைக்கவில்லை. அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பேச்சி என் தட்டைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். நான் எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சி பிள்ளையைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தொட்டிலில் போட்டு ஆட்டினாள். ஒன்பதரைக்குத் தூங்கினான். அவள் கொக்கியை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மீன் கழுவும் வாசனை வந்தது. அம்மாவின் துணிப்பையும் பிள்ளையின் துணி வைத்த பையும் கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தன. அம்மா கண்ணைக் காட்டினாள். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசல் அருகே போய் நின்றேன்.

ஆணி என் தோளுக்கு நேரே இருந்தது. கொக்கியைக் கழற்ற ஒரு விரல் போதும். அம்மாவுக்கு அந்த ஆணியைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கை இரண்டிலும் பை இருந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா தொட்டிலுக்குள் குனிந்தாள். இருபத்திரண்டு வருஷம் தூங்கும் பிள்ளைகளைத் தூக்கிய கை. பிள்ளை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஆனால் கனம் இறங்கியதும் கயிறு துள்ளியது.

அடுப்படியில் தீப்பெட்டிக்குள் வண்டு அகப்பட்டது போல ஒரு சின்னச் சத்தம். எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கவேண்டும். அவள் பிள்ளையோடு அப்படியே நின்று தலையைத் தூக்கினாள்.

"என்னலே அது?"

பேச்சி நடுவாசலில் வந்து நின்றாள். கையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டியது. பிள்ளையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அடுத்து என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். அதில்தான் அவள் கண் அதிக நேரம் நின்றது.

"ஈரமா கெடக்கானான்னு பாத்தேன்," என்றாள் அம்மா, தரையைப் பார்த்து. பேச்சியால் அதைப் படிக்க முடியவில்லை.

தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வண்டுச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"அத நிறுத்துலே," என்றாள் அம்மா.

நான் நிறுத்தவில்லை. நகரவும் இல்லை.

பேச்சி பிள்ளையைப் பிடுங்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். குரலை எவ்வளவு தணிக்கமுடியுமோ அவ்வளவு தணித்துச் சொன்னாள். "எனக்குக் கேக்கல அத்தை. ஆனா தெரிஞ்சுது. நீங்க பூப்போலத் தூக்குனீக, அதுவே தெரிஞ்சுது. அவன் கத்துனாத் தெரியாமப் போயிருமா?"

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையை அவளிடம் கொடுக்காமல் தொட்டிலில் திரும்பக் கிடத்தினாள். கயிறு அடங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அடங்கியபின் அடுப்படிக்குப் போனாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தபடி நின்றோம். அவள் பலகையின்மேல் வெறுங்காலோடு ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆட்டு."

நான் பையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிலைத் தொட்டேன். லேசாகத்தான். அம்மாவின் கால்விரல்கள் சுருங்கின. உடம்பு முழுதும் நிமிர்ந்தது. ஒரு கை தானாகத் தலைமயிரை ஒதுக்கி, முந்தானையைச் சரி செய்தது. பங்களாவில் கூப்பிட்டால் போவதற்கு முன் அவள் அப்படித்தான் செய்வாளாக இருக்கும். நான் பார்த்ததில்லை.

அவள் பலகையிலிருந்து இறங்கினாள்.

"இந்தச் சனியன் இங்கேயும் வந்துருச்சா," என்றாள்.

கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அம்மா வந்து பிள்ளையின் பையை அவிழ்த்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பவுடர் டப்பா, பால் சங்கு, கருப்புக் கயிறு. தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். என்னிடம் சொன்னாள், "கயித்துல வேப்பெண்ண தடவு. எறும்பு எறங்குறது கயித்து வழியாத்தான். மணிய மாட்டுனவனுக்கு அது தெரியல." பேச்சியின் முன்னால் போய், அவள் பார்க்கும்படி முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள், "கட்டை தீந்துதான்னு தெனமும் பாரு."

பேச்சி தலையை ஆட்டினாள்.

ரோடு வரை நான் அம்மாவோடு போனேன். பஸ் படியில் ஏறியபின் திரும்பி, "நீ ஒரு வாய் சொல்லிருக்கலாம்லே, ரெண்டுல எதையாவது," என்றாள்.

அன்று முழுவதும் பேச்சி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு அது புதிதில்லை. ஆனால் அவள் என் உதட்டைப் பார்க்கவில்லை. அது புதிது. நான் வாயைத் திறந்தாலும் அவள் வேறு எங்கோ பார்த்தாள். கொக்கியை நான் கழற்றவில்லை என்று சொல்ல நினைத்தேன். அவளிடம் எதையும் அவள் பார்த்தால்தான் சொல்லமுடியும்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வாசல் கதவைக் காட்டினாள்.

"இதுக்கும் ஒண்ணு போடுங்க."

கதவுக்கு எதற்கு என்று கையால் கேட்டேன்.

"யாரு வாறாக, யாரு போறாகன்னு எனக்குத் தெரியணும்."

வீரபாண்டி அந்த உடைசல் கொட்டகையில் இன்னொரு மணியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கதவு நிலையில் ஒன்றையொன்று தொடும் இரண்டு தகடு, கதவு மூடியிருந்தால் அவற்றுக்கு நடுவில் நுழைந்து பிரித்து வைக்கும்படி கதவில் ஒரு மரத்துண்டு. கதவு திறந்தால் தகடுகள் சேரும். இது சுலபம், ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. இதன் சுத்தியைப் பலகையின் மறுமுனையில் படும்படி வைத்தேன். தொட்டில் அடித்தால் இடது கால், கதவு அடித்தால் வலது கால்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் நின்றாள். நான் வெளியே போய்க் கதவை மூடினேன். கொஞ்சம் நின்றுவிட்டுத் திறந்து உள்ளே வந்தேன். சத்தம் போடாமல், வழக்கமாக நான் வருகிற மாதிரியே.

"தெரியுது," என்றாள், திரும்பாமல். "இன்னொரு தரம் போயிட்டு வாங்க."

நான் வெளியே போனேன்.